குழந்தையின் பிடிவாதம்



அடம், பிடிவாதம், முரண்டு, வீம்பு, சிணுங்கல் என்று குழந்தைகள் தரும் தொல்லைக்குத் தமிழில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன! அவற்றுள் ஒன்று மற்றொன்றன்று. சிணுங்குகிற குழந்தை வேறு. முரண்டு பிடிக்கிற குழந்தை வேறு. இவ்வளவு நுட்பமாகப் பெயரிட்ட நாம், இவற்றின் காரணங்களையும் அதே நுட்பத்தோடு ஆராய்ந்திருக்கிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டும். "எல்லாம் கொழுப்பு", "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள்", "அப்பனைப் போலவே கோபக்காரன்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். தீர்ப்பு முதலில் வந்துவிடுகிறது. விசாரணையோ நடைபெறுவதே இல்லை. இன்று அந்த விசாரணையைச் சிறிது நடத்திப் பார்ப்போம்.

"குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பெற்றோரிடம் சொல்லலாம், பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கும் எங்களுக்கு இது எதற்கு?" என்று உங்களில் சிலர் எண்ணலாம். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ, அக்காளின் பிள்ளையோ இருக்கக்கூடும். தாய் அடுப்படியில் இருக்கும்பொழுது அழுகிற பிள்ளையைத் தூக்குகிறவர்கள் நீங்கள்தாம்; அதட்டுகிறவர்களும், தலையில் குட்டுகிறவர்களும் பல வீடுகளில் நீங்கள்தாம். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் ஆசிரியர் ஆவீர்கள். மருத்துவர், செவிலியர் ஆவீர்கள். மிகப் பலர் பெற்றோர் ஆவீர்கள். பரீட்சை எழுதாமலே எல்லோருக்கும் கிடைத்துவிடுகிற பதவி பெற்றோர் பதவி ஒன்றுதான். ஆதலின், அதற்குரிய பாடத்தை முன்னதாகவே சிறிது படித்து வைப்பது நல்லது.

முதலாவது அறிய வேண்டிய உண்மை இது: உணர்ச்சி முந்திப் பிறக்கிறது, அதை அடக்கும் ஆற்றல் மிகவும் பிந்தி வருகிறது. பிறக்கும்பொழுது குழந்தையின் மூளை ஏறத்தாழ 350 முதல் 400 கிராம் எடையுள்ளது. முதிர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம். முதல் இரண்டு ஆண்டுகளில் மூளை மிக விரைவாகப் பருத்து வளர்கிறது. ஆனால், பருமனில் வளர்வது வேறு; செயலில் முதிர்வது வேறு. அச்சத்தையும் சினத்தையும் எழுப்புகிற உட்பகுதிகள் தொடக்கத்திலேயே வேலை செய்யத் தொடங்கிவிடுகின்றன. "பொறு, சற்று எண்ணிப் பார், பிறகு செய்" என்று தடுத்து நிறுத்துகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழு முதிர்ச்சி அடைய இருபதாம் வயதையும் கடந்து பல ஆண்டுகள் ஆகின்றன என்று இன்றைய மூளையியல் கூறுகிறது. கல்லூரி மாணவர்களாகிய உங்களுக்கே அவ்வேலை இன்னும் முடியவில்லை என்றால், இரண்டு வயதுக் குழந்தையின் நிலையை என்னென்பது? குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. கடிவாளமோ இன்னும் பட்டறையில் இருக்கிறது.

இதனோடு மொழியின் குறையும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு வயதுக் குழந்தை நாம் பேசுவதில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்கிறது. ஆனால் தான் சொல்ல விரும்புவதில் ஒரு சிறு பகுதியைத்தான் சொல்ல முடிகிறது. "அந்தச் சட்டை கழுத்தில் உறுத்துகிறது, அதனால் வேண்டா என்கிறேன்" என்று அது வாக்கியம் அமைத்துச் சொல்லாது. சட்டையைக் கழற்றி எறியும். நாமோ, "எவ்வளவு திமிர்!" என்கிறோம். மொழி தெரியாத ஊருக்குப் போய், தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தவித்த எவரும் இக்குழந்தையின் துன்பத்தை எளிதில் உணர்வர்.

அமெரிக்க நாட்டு மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புளோரன்ஸ் குட்இனஃப் என்னும் அம்மையார், சிறு குழந்தைகளின் சினத்தைப் பற்றி 1931-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. நாற்பதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம், குழந்தை கோபித்துக் கொள்ளும்பொழுதெல்லாம் அதை நாட்குறிப்பில் எழுதி வைக்கச் சொன்னார். எப்பொழுது, எங்கே, எதனால், எவ்வளவு நேரம், அதன்பின் என்ன செய்தீர்கள் என்பவை அவற்றில் பதிவாயின. அவ்வாறு 1,800-க்கு மேற்பட்ட கோபங்கள் திரண்டன. அவற்றை ஆராய்ந்தபொழுது, வாழ்வின் இரண்டாம் ஆண்டில் கோபம் உச்சநிலையை அடைந்து, பிறகு படிப்படியாகக் குறைவது தெரிந்தது. பெரும்பாலான கோபங்கள் ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. உணவு வேளைக்குச் சற்று முன்னும், உறங்கும் நேரம் நெருங்கும்பொழுதும் அவை மிகுந்தன. சிறு சளி, இருமல் போன்ற நோய்கள் உள்ள நாட்களிலும் மிகுந்தன.

இது நம் பாட்டிமார் அறியாததன்று. "பிள்ளைக்குத் தூக்கம் வந்துவிட்டது, அதனால்தான் படுத்துகிறது" என்று அவர்கள் சொன்னது இதைத்தான். தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய ஆசிரியர் எவரையும் கேட்டுப் பாருங்கள். மதிய உணவு மணி அடிப்பதற்கு முந்திய அரை மணி நேரத்தில்தான் பென்சிலுக்குச் சண்டையும், கிள்ளலும், அழுகையும் மிகுதி என்பார். காலையில் வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு அந்த அரை மணி நேரம் காலை ஒன்பதரைக்கே தொடங்கிவிடும். தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022-ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபொழுது, அதை வயிற்றுக்கான உதவியாக மட்டும் நான் கருதவில்லை. வகுப்பறை அமைதிக்கான உதவியாகவும் கருதினேன். ஆதலின், குழந்தை அடம் பிடித்தால் பிரம்பைத் தேடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். நெற்றியைத் தொட்டுப் பாருங்கள். பசியா, தூக்கமா, காய்ச்சலா என்று பாருங்கள். பாதி வழக்குகள் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதியை என்ன செய்வது? கடைத்தெருவில் ஒரு குழந்தை பொம்மை கேட்கிறது. தாய் இல்லை என்கிறாள். குழந்தை தரையில் விழுந்து புரள்கிறது. கூட்டம் கூடிவிடுகிறது. இப்பொழுது தாய்க்கு மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, மானம் போகிறதே என்று பொம்மையை வாங்கிக் கொடுத்துவிடுவது. அழுகை உடனே நிற்கும். ஆனால், புரண்டால் கிடைக்கும் என்ற பாடத்தைக் குழந்தை கற்றுக்கொள்கிறது. மூன்று முறை மறுத்து, நான்காம் முறை கொடுத்தால் பாடம் இன்னும் ஆழமாகப் பதியும். எப்பொழுதோ ஒருமுறை மட்டும் கிடைக்கும் பயன்தான் பழக்கத்தை எளிதில் அழியாதபடி செய்கிறது என்பதை ஸ்கின்னர் முதலிய உளவியலார் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் கண்டனர். தந்தை மறுத்ததைப் பாட்டி கொடுப்பதும், நேற்று மறுத்ததை இன்று கொடுப்பதும் பிடிவாதத்துக்கு எரு இடுவதே ஆகும்.

இரண்டாம் வழி, முதுகில் இரண்டு வைப்பது. இதனாலும் அழுகை சில வேளை நிற்கும். ஆனால் நின்றது அழுகைதான், ஏமாற்றம் நிற்கவில்லை. கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தை அக்கணத்தில் அறியத் துடிக்கிறது. நாம் அடித்துக் காட்டுகிறோம். அது மறுநாள் தன்னைவிடச் சிறிய குழந்தையை அடிக்கிறது. "யாரிடம் இதைக் கற்றாய்?" என்று கேட்டு மீண்டும் அடிக்கிறோம்!

மூன்றாம் வழி, கொடுக்காமலும் அடிக்காமலும் கூடவே இருப்பது. குழந்தையைக் கூட்டத்திலிருந்து விலக்கி ஓரமாகக் கொண்டுபோய், "பொம்மை கிடைக்கவில்லை என்று உனக்குக் கோபம். எனக்குத் தெரிகிறது. இன்றைக்கு வாங்க முடியாது" என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அமைதியாகப் பக்கத்தில் இருப்பது. அந்நேரத்தில் நீண்ட அறிவுரை வேண்டுவதில்லை. புயலில் எவரும் புராணம் கேட்பதில்லை. ஐந்து நிமிடத்தில் அழுகை தானே தணியும். தணிந்தபின் அணைத்துக்கொள்ளலாம். இதனால் குழந்தை இரண்டு பாடங்களை ஒருங்கே கற்கிறது: கோபம் வருவது குற்றமன்று, கோபித்தால் கேட்டது கிடைத்துவிடாது. "கோபம்" என்ற சொல்லையும் கற்கிறது. தன் உணர்ச்சிக்குப் பெயர் அறிந்த குழந்தை, அடுத்த ஆண்டு தரையில் புரள்வதற்குப் பதிலாக, "எனக்குக் கோபமா இருக்கு" என்று வாயால் சொல்லும். இதைவிடப் பெரிய வளர்ச்சி வேறென்ன?

இனிப் பொறாமையைப் பார்ப்போம். உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் டார்வின், தம் மூத்த மகனின் வளர்ச்சியையும் கூர்ந்து நோக்கிக் குறிப்பெடுத்தார். 1839-இல் பிறந்த அக்குழந்தையைப் பற்றிய குறிப்புகளை 1877-இல் கட்டுரையாக வெளியிட்டார். பதினைந்தரை மாத வயதில், தந்தை ஒரு பெரிய பொம்மையைக் கொஞ்சியபொழுதும், புதிதாகப் பிறந்த தங்கையை எடை பார்த்தபொழுதும் அக்குழந்தை பொறாமை காட்டியது என்று அதில் எழுதியிருக்கிறார். இரண்டேகால் வயதில், தனக்குப் பிடிக்காதது செய்தவர்மீது புத்தகங்களையும் குச்சிகளையும் அது எறிந்ததையும் மறைக்கவில்லை. உலகம் போற்றும் அறிஞரின் வீட்டிலும் பிள்ளை பிள்ளையாகத்தான் இருந்தது! டார்வின் அதைக் கண்டு, "எதனால் இப்படி?" என்று கேட்டுக் குறிப்பேட்டைத் திறந்தார்.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், ஆகஸ்டு மாதம் வரை யார் வம்புக்கும் போகாதவன், திடீரென்று பக்கத்துப் பிள்ளைகளைக் கடிக்கத் தொடங்கினான். காலுச்சட்டையை நனைத்துக்கொள்வதும் தொடங்கிற்று. கடிபட்ட பிள்ளைகளின் தாய்மார் என் அறை வாசலில் வந்து நின்றார்கள். வகுப்பாசிரியை அவன் வீட்டுக்குச் சொல்லியனுப்ப, பாட்டி வந்தார். வீட்டில் தங்கை பிறந்து ஒரு மாதம் ஆயிற்றென்றும், அதுமுதல் இவன் கூடத்தில் தனியே படுக்கிறான் என்றும் சொன்னார். "இவன்தான் பெரியவன் ஆயிட்டானே, ஐயா! இன்னமும் அம்மா மடி கேட்டால் நடக்குமா?" என்றார்.

அவன் பெரியவன் ஆகவில்லை, பெரியவனாக ஆக்கப்பட்டுவிட்டான். குழந்தையாக இருந்தவருக்குத் தாய்மடி கிடைத்ததை அவன் நாள்தோறும் காண்கிறான். மீண்டும் குழந்தையாகிவிட முயல்கிறான். கடித்ததும், நனைத்ததும் அந்த முயற்சியே. நாங்கள் பாட்டியிடம் ஒன்றே கேட்டுக்கொண்டோம்: நாள்தோறும் கால்மணி நேரம், கைக்குழந்தையை நீங்கள் வைத்துக்கொண்டு, தாயை இவனுக்கே விட்டுவிடுங்கள். வகுப்பாசிரியை அவனைத் தம் அருகில் அமர்த்தி, சுண்ணக்கட்டி எடுத்துக் கொடுக்கும் பொறுப்பைத் தந்தார். கடிக்க வாயெடுத்தபொழுது தடுத்தார்; "கடித்தால் வலிக்கும்; விடமாட்டேன்" என்றார்; அடிக்கவில்லை. ஒரே நாளில் அற்புதம் நிகழ்ந்துவிடவில்லை. தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபொழுது அவன் கடிப்பதை விட்டிருந்தான்.

உரக்க அழுகிற குழந்தையை எல்லோரும் கவனிக்கிறோம். அழாத குழந்தையை யார் கவனிக்கிறார்கள்? ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் 1952-இல் இங்கிலாந்தில் ஒரு படம் எடுத்தார். இரண்டு வயதும் ஐந்து மாதமும் ஆன சிறுமி ஒருத்தி, சிறு அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் எட்டு நாள் தங்கியதை அது காட்டுகிறது. அக்காலத்தில் அந்நாட்டு மருத்துவமனைகளில் தாய் உடன் தங்கும் வழக்கம் இல்லை. பார்க்க வரும் நேரமும் மிகக் குறைவு. தாயைப் பிரிந்த சிறு குழந்தைகளிடம் ராபர்ட்சன் மூன்று நிலைகளைக் கண்டார். முதலில் அழுது ஆர்ப்பரிக்கும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். அதன்பின் எதையும் பொருட்படுத்தாததுபோல் அமைதியாகிவிடும். தாய் வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும். மருத்துவமனையில் இருந்தவர்கள் இந்த மூன்றாம் நிலையைத்தான், "குழந்தை பழகிவிட்டது, நல்ல பிள்ளை" என்று பாராட்டினார்கள்! குழந்தை பழகவில்லை, நம்பிக்கை இழந்தது. ராபர்ட்சனோடு பணியாற்றிய ஜான் பௌல்பி, தாயன்பு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பதை உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கையில் 1951-இலேயே எடுத்துரைத்திருந்தார். 1959-இல் பிரிட்டனில் ஒரு குழு, மருத்துவமனையிலுள்ள குழந்தைகளைப் பெற்றோர் தடையின்றி வந்து பார்க்க விட வேண்டும் என்று பரிந்துரைத்தது. சிறு குழந்தைகளின் அழுகைக்குப் பொருள் உண்டு என்று சிலர் வாதாடியதால் ஒரு நாட்டின் மருத்துவமனை விதிகளே மாறின.

ஜூன் மாதத்தில் பள்ளியில் முதன்முதலாகச் சேர்கிற குழந்தை தாயின் முந்தானையை விடாமல் அழுவதும் இத்தகையதே. அந்த அழுகை பள்ளியின்மேல் வெறுப்பன்று. தாயின்மேல் உள்ள பற்று. "அதோ பார் காக்கா" என்று காட்டிவிட்டுத் தாய் மறைந்துவிடுவது பல ஊர்களில் வழக்கம். அது கூடாது. சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொன்ன நேரத்தில் வர வேண்டும். போனவர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளையின் கால் தாயை விட்டு நகரும்.

"இந்த வயதிலேயே பொய் சொல்கிறான், பிறர் பொருளைப் பிடுங்குகிறான், இரக்கமே இல்லை" என்றும் சிலர் கவலைப்படுகிறார்கள். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இருவர் செய்த சோதனை ஒன்றை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு சிறுவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபொழுது தாய் அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்த சிறுவன் எதில் தேடுவான்? இக்கதையை மூன்று வயதுக் குழந்தையிடம் சொல்லிக் கேட்டால், பெரும்பாலும் "பச்சையில்" என்றே விடை வரும். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது அதற்கு எட்டுவதில்லை. நான்கு, ஐந்து வயதைக் கடந்தவர்களில் பலர் "நீலத்தில்" என்று சரியாகச் சொல்கிறார்கள். பிறர் மனம் என ஒன்று தனியே உண்டு என்று அறியவே இத்தனை ஆண்டுகள் வேண்டும். அதற்கு முன் பிடுங்கும் குழந்தையைக் கொடியவன் என்பது, எழுத்தறியாதவனை எழுத்துப் பிழைக்காகத் தண்டிப்பது போன்றது.

நம் முன்னோர் இதை ஒருவாறு உணர்ந்திருந்தனர். செங்கீரை, சப்பாணி, வருகை, அம்புலி எனப் பருவம் பிரித்துக் குழந்தையைப் பாடிய பிள்ளைத்தமிழில், சிற்றில் என்று ஒரு பருவம் உண்டு. சிறுமியர் கட்டிய மணல் வீட்டைச் சிறுவன் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் வேண்டுகிறார்கள். நாம் குறும்பு என்று கடிவதைப் புலவர்கள் ஒரு பருவத்தின் இயல்பாகக் கண்டனர்.

"அடியாத மாடு படியாது" என்று சொல்வோர் இருக்கிறார்கள். மாட்டுக்கே அது பொருந்துமா என்பது ஒருபுறம் இருக்க, பிள்ளை மாடு அன்று. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் கேட்பர். இப்பழமொழியை நானும் ஏற்கிறேன். ஆனால் அது வளைப்பதைப் பற்றிப் பேசுகிறது, ஒடிப்பதைப் பற்றியன்று. கட்டுப்பாடு வேண்டும், விதிகள் சிலவாக, மாறாதனவாக இருக்க வேண்டும். அன்பு என்பது எல்லாவற்றுக்கும் இணங்குவது அன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பள்ளியில் குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. வகுப்பறைக்கு விலக்கப்பட்டது வீட்டுக்கு மட்டும் எப்படி நன்றாகும்?

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எல்லாத் தொல்லையும் "வயதானால் சரியாகிவிடும்" என்று விட்டுவிடத் தக்கதன்று. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று கடைசி வரிசையில் தள்ளிவிடுகிறோம்; அவன் காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். இரண்டு வயதுக்குப் பின்னும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிய சொற்களையும் இழத்தல், முகம் பாராமை, தன்னையே காயப்படுத்திக் கொள்ளுதல், வாரக்கணக்கில் உண்ணாமலும் விளையாடாமலும் ஒதுங்குதல் ஆகியவற்றைக் கண்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு மனிதரைக் கண்டோ, ஓர் இடத்தைக் கண்டோ குழந்தை நடுங்கினால், அதைச் சிறு பிள்ளையின் அச்சம் என்று தள்ளிவிடாதீர்கள். துன்பத்திலுள்ள குழந்தைக்காக எவரும் 1098 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம், மாணவர்களும் அழைக்கலாம்.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள ஒரு குழந்தையை ஒரு வாரம் கவனியுங்கள். அது அழுத நேரம், அழுவதற்கு முன் நடந்தது, பெரியவர்கள் செய்தது, பிறகு நிகழ்ந்தது ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். ஏழாம் நாள் அதை ஒரு சேரப் படித்துப் பாருங்கள். முதல் நாள் "காரணமே இல்லாமல் அழுகிறது" என்று நீங்கள் எழுதிய இடங்களில் பலவற்றை, உங்கள் கையாலேயே அடித்துத் திருத்துவீர்கள்.